ஆடை பேணலும் சொல் பேணலும்: மைசூரை நடுவாகக் கொண்ட ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

ஆடை நெய்தலின் வரலாறு இந்திய மொழிகள் பலவற்றில் விரிவாக எழுதப்பட்டுள்ளது. நெய்த ஆடையைத் துவைத்து, உலர்த்தி, மடித்து, நெடுநாள் நிலைக்கச் செய்யும் தொழிலின் வரலாறு அந்த அளவு கவனம் பெறவில்லை. நெசவு அரசர்களின் ஆதரவையும் வணிகர்களின் கணக்கேடுகளையும் பெற்றது. சலவையோ அன்றாட வேலையாகவும், சாதியால் ஒதுக்கப்பட்டோர் செய்யும் வேலையாகவும் கருதப்பட்டது. அதனால் அத்தொழிலின் நுட்பங்களும் அவற்றைச் சுட்டும் சொற்களும் முறையாகத் தொகுக்கப்படாமல் போயின.

இச்சொற்கள் மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் இன்று வேறொரு காரணத்தால் தேவைப்படுகின்றன. ஆடையுடன் வரும் பராமரிப்புக் குறிப்புகளைத் தமிழாக்குவோர், ‘துவைக்கவும்’ என்ற ஒரே வினையைக் கொண்டு பருத்தி, பட்டு, கம்பளி, செயற்கை இழை ஆகிய அனைத்தையும் குறித்துவிடுகின்றனர். ஒவ்வோர் இழைக்கும் உரிய செயலை வேறுபடுத்திக் காட்டும் வினைகள் தமிழில் நெடுங்காலமாக உள்ளன. அவற்றை மறந்து எழுதப்படும் குறிப்பு, மொழியை வறுமைப்படுத்துவதுடன் ஆடையையும் கெடுக்கிறது. இக்கருத்தை, ஆடை பேணுதல் பற்றிய பழைய சட்டநூல் ஒன்று வெளிவந்த ஊரும் பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஊருமான மைசூரை நடுவாக வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

2. மைசூரில் வெளிப்பட்ட வண்ணார் விதிகள்

1891ஆம் ஆண்டு மைசூரில் நிறுவப்பட்ட கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் நூலகராகப் பணியாற்றியவர் ஆர். சாமசாஸ்திரி. தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த பண்டிதர் ஒருவர் ஒப்படைத்த கிரந்த எழுத்து ஓலைச்சுவடி ஒன்று 1905ஆம் ஆண்டளவில் அவர் கவனத்திற்கு வந்தது. அது கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் என்பது உணரப்பட்டது. அவர் மூலத்தை 1909ஆம் ஆண்டும், முழுமையான ஆங்கில மொழிபெயர்ப்பை 1915ஆம் ஆண்டும் வெளியிட்டார். தமிழகத்திலிருந்து வந்த ஏடு, கன்னட நாட்டில் படிக்கப்பெற்று, ஆங்கிலத்தின் வழியாக உலகை அடைந்தது.

அரசியல் நூலாகவே பெரிதும் அறியப்படும் இந்நூலின் நான்காம் அதிகரணத்தின் முதல் அத்தியாயம் கைவினைஞர்களைப் பற்றியது. அதில் வண்ணார்க்குரிய விதிகள் இடம்பெறுகின்றன. அவற்றை இங்குச் சுருக்கித் தரலாம். ஆடையை மரப்பலகையிலோ வழவழப்பான கல்லிலோ மட்டுமே துவைக்க வேண்டும். பிற இடங்களில் துவைத்தால் ஆறு பணம் தண்டம். ஆடை கெட்டிருப்பின் அதற்கு ஈடும் தர வேண்டும். வண்ணார் உடுக்கும் ஆடையில் தடியின் உருவம் குறியாக இருக்க வேண்டும். அக்குறி இல்லாத ஆடையை உடுத்தினால் மூன்று பணம் தண்டம். பிறர் ஆடையை விற்றாலோ, அடகு வைத்தாலோ, வாடகைக்கு விட்டாலோ பன்னிரண்டு பணம் தண்டம்.

கால வரையறையும் நுட்பமானது. வெண்மையாக்கித் தர வேண்டிய ஆடைகளுக்கு ஓர் இரவு, மென்சாயம் ஏற்ற வேண்டியவற்றுக்கு ஐந்து இரவு, நீலமாக்க வேண்டியவற்றுக்கு ஆறு இரவு, மிகுந்த திறனும் கவனமும் வேண்டும் உயர்ந்த ஆடைகளுக்கு ஏழு இரவு என நூல் வகுக்கிறது. கூலியும் ஆடையின் தரத்திற்கு ஏற்ப ஒரு பணம், அரைப் பணம், கால் பணம் எனக் குறைகிறது. சாயம் பற்றிய வழக்குகளை நம்பகமானோர் தீர்க்க வேண்டும் என்பதும் விதி.

இவ்விதிகளிலிருந்து இரண்டு செய்திகள் புலனாகின்றன. முதலாவது, ஆடை கெடுவதற்கு அழுக்கைவிடத் துவைக்கும் தளமும் துவைக்கும் முறையும் பெரிய காரணங்கள் என்பதை நூல் அறிந்திருந்தது. சொரசொரப்பான கல் இழையை அறுக்கும் என்ற நடைமுறை அறிவே ‘வழவழப்பான கல்’ என்ற சட்டமாயிற்று. இரண்டாவது, துவைத்தல் ஆடையின் ஆயுளைக் குறைக்கிறது என்பதையும் நூல் ஒப்புக்கொள்கிறது. முதற் சலவையில் நான்கில் ஒரு பங்கும் இரண்டாவது சலவையில் ஐந்தில் ஒரு பங்கும் இழப்பு நேரும் என்றும், அதன்பின் வருவனவற்றையும் அவ்வாறே கொள்க என்றும் அது கூறுகிறது. எதன் இழப்பு என்பதே மொழிபெயர்ப்பாளர் தீர்க்க வேண்டிய வினா. சாமசாஸ்திரி இதனைச் செந்நிற ஆடையின் நிறத்திற்கு நேரும் இழப்பாகக் கொண்டார். ஆடையின் விலைமதிப்புக்கு நேரும் இழப்பாகக் கொள்ளவும் இடமுண்டு. முதற்பொருளைக் கொண்டால் இது சாயத்தொழிலின் விதி. இரண்டாம் பொருளைக் கொண்டால் ஈடு கணக்கிடும் நீதிமன்ற விதி. துணியின் இயல்பை அறியாமல் இவ்விடத்தை மொழிபெயர்த்தல் அரிது.

3. இழைக்கேற்ற தூய்மை: பழைய வகைப்பாடுகள்

இழைக்கு இழை தூய்மை முறை வேறுபடும் என்ற அறிவு தருமநூல்களிலும் காணப்படுகிறது. மனுநூலின் ஐந்தாம் அத்தியாயம் பட்டையும் ஆட்டுமயிர் ஆடையையும் உவர்மண்ணாலும், ‘குதபம்’ என்னும் கம்பளத்தைப் பூந்திக்கொட்டையாலும், ‘அம்சுபட்டம்’ என்பதனை வில்வக்காயாலும், சணல்நார் ஆடையை வெண்கடுகாலும் தூய்மை செய்யுமாறு கூறுகிறது. இவற்றுள் குதபம், அம்சுபட்டம் என்பன எவ்வகைத் துணிகள் என்பதில் உரைகாரரும் மொழிபெயர்ப்பாளரும் வேறுபடுகின்றனர். துணி எதுவென்று தெரியாத நிலையில் அதன் பராமரிப்பு விதி மட்டும் எஞ்சி நிற்பது, சொல் வழக்கிழந்தால் அறிவும் பயனிழக்கும் என்பதற்குத் தக்க சான்றாகும்.

தமிழில் சிலப்பதிகாரம் புகார் நகரின் காருகரைக் கூறுமிடத்துப் பட்டு, மயிர், பருத்தி நூல் என்னும் மூன்றையும் அவர்தம் நெசவுப் பொருள்களாகக் குறிக்கிறது. இன்றைய வேதியியல் நோக்கில் இம்மூன்றனுள் முதலிரண்டும் புரத இழைகள். மூன்றாவது செல்லுலோசு இழை. பராமரிப்பின் அடிப்படை வேறுபாடு இதிலேயே அடங்கியுள்ளது. பருத்தி காரத்தைத் தாங்கும், அமிலத்தால் நைந்துவிடும். நனைந்தபோது அதன் வலிமை கூடும். ஆகவே பருத்தியைக் காரநீரில் வேகவைக்கலாம், கல்லில் அடிக்கலாம். பட்டும் கம்பளியும் காரத்தால் கெடும். நனைந்த பட்டின் வலிமை ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைகிறது. கம்பளி இழையின் மேற்பரப்பில் செதில்கள் உள்ளமையால், வெந்நீரில் கசக்கினால் இழைகள் ஒன்றோடொன்று சிக்கித் துணி சுருங்கிவிடும்.

சங்க நூல்களில் காணப்படும் சலவைக் காட்சிகள் பருத்தி ஆடைக்கு உரியவை. புறநானூற்றின் 311ஆம் பாடல், களர்நிலத்தில் தோண்டிய கிணற்று நீரில் புலைத்தி நாள்தோறும் ஆடை வெளுப்பதைக் கூறுகிறது. களர்நிலத்து நீர் காரத்தன்மை உடையது. எண்ணெய்ப் பசையை அகற்றும் ஆற்றல் அந்நீருக்கு இயல்பாகவே உண்டு. எனவே களர்நிலம் என்பது அப்பாடலில் வெறும் இடச்சுட்டன்று; தொழில்நுட்பச் செய்தியுமாகும். குறுந்தொகையின் 330ஆம் பாடலோ கஞ்சிப்பசை தோய்த்தல், அடித்தல், குளத்து நீரில் இடுதல் என்னும் செயல் வரிசையைக் காட்டி, நீரில் பிரியாத ஆடை முறுக்கைப் பகன்றைப் பூவுக்கு உவமையாக்குகிறது. இவ்விடங்களை மொழிபெயர்ப்போர் களரைப் ‘பாழ்நிலம்’ என்றும் பசையைப் பொதுவான ‘ஈரம்’ என்றும் கொண்டால் தொழிலின் உட்பொருள் மறைந்துபோகும்.

4. துவைத்தலும் அதன் கிளைச்சொற்களும்

தமிழில் துணியைத் தூய்மை செய்வதைக் குறிக்கும் வினைகள் பல. அவை ஒன்றற்கொன்று பதிலிகள் அல்ல. ஒவ்வொன்றும் ஆடைமீது செலுத்தப்படும் விசையின் அளவைச் சுட்டுகிறது. ‘துவைத்தல்’ என்பதன் அடிப்பொருள் அடித்தல், மிதித்தல், இடித்தல் என்பன. அம்மியில் அரைத்த ‘துவையல்’ அவ்வேரிலிருந்து பிறந்ததே. ஆகவே துவைத்தல் கல்லில் அடிப்பதைத் தன்னுள் கொண்ட சொல். ‘கும்முதல்’ இரு கைகளாலும் அழுத்திப் பிசைவது. ‘கசக்குதல்’ துணியின் ஒரு பகுதியை மற்றொரு பகுதியோடு தேய்ப்பது. ‘அலசுதல்’ நீரில் இப்படியும் அப்படியும் அசைத்து எடுப்பது. இதில் அடியும் தேய்ப்பும் இல்லை. ‘நனைத்தல்’ ஊற வைப்பது மட்டுமே. ‘பிழிதல்’ நீரை வெளியேற்றுவது. ‘முறுக்குதல்’ அதனினும் கடுமையானது. ‘வெளுத்தல்’ வெண்மையாக்குவது; அதிலிருந்தே சலவை முழுவதற்குமான பொதுப்பெயராக ‘வெளுப்பு’ வந்தது.

வட்டார வழக்குகள் இவ்வகைப்பாட்டை மேலும் நுட்பமாக்குகின்றன. இலங்கைத் தமிழில் உடுப்பைத் ‘தோய்ப்பது’ பெருவழக்கு. தமிழகத்திலும் சில சமூகத்தார் அச்சொல்லையே ஆளுகின்றனர். தமிழகத்தின் ‘சவுக்காரம்’ இலங்கையில் ‘சவர்க்காரம்’ ஆகிறது. பாத்திரத்தையும் கையையும் ‘கழுவலாம்’. துணியைக் கழுவுவதாகத் தமிழர் கூறுவதில்லை.

அண்டை மொழிகளிலும் இவ்வேறுபாடு நிலவுகிறது. கன்னடத்தில் துணிக்கு ‘ஒகெ’ என்பதும், கைக்கும் பாத்திரத்திற்கும் ‘தொளெ’ என்பதும் வழங்குகின்றன. ஒகெ என்பதற்கு எறிதல் என்ற பொருளும் உண்டு. துணியை ஓங்கிக் கல்லில் அறையும் செயல் அச்சொல்லில் உறைந்துள்ளது. மலையாளத்தின் ‘அலக்குக’ தமிழ் அலசுதலை நினைவூட்டுவது. தெலுங்கில் ‘சலுவ’ என்பது குளிர்ச்சியையும் வெளுத்த துணியின் தன்மையையும் குறிக்கும். தமிழ்ச் ‘சலவை’ அதனோடு தொடர்புடையது. இரு மொழியினரும் பளிங்குக்கல்லைச் சலவைக்கல் என்றும் சலுவராயி என்றும் வழங்குவது இத்தொடர்பை உறுதி செய்கிறது. ஆங்கிலத்தில் இவ்வனைத்தும் பெரும்பாலும் ஒரே வினையாக நிற்பதால், அம்மொழியிலிருந்து வரும் குறிப்பைத் தமிழாக்குவோர் எந்தச் செயல் கருதப்படுகிறது என்பதைத் துணியை வைத்தே முடிவு செய்ய வேண்டியுள்ளது.

வண்ணாரின் தொழிற்கூடத்தில் வழங்கிய வேறு சில சொற்களும் இங்கு நினைக்கத்தக்கன. ‘வெள்ளாவி வைத்தல்’ என்பது உவர்மண்ணோ சோடாவோ கரைத்த நீரில் நனைத்த துணிகளைக் கொதிகலத்தின்மேல் அடுக்கி, நீராவியில் நெடுநேரம் வேகவிடுவதாகும். காரமும் வெப்பமும் சேர்ந்து எண்ணெய்ப் பசையைச் சோப்பாக மாற்றுவதே அதன் செயல்முறை. ‘நீலம் போடுதல்’ என்பது பழுப்பேறிய வெண்துணியில் சிறிதளவு நீலம் கலந்து, மஞ்சள் சாயல் கண்ணுக்குத் தெரியாமல் செய்வது. ‘கஞ்சி போடுதல்’ துணிக்கு விறைப்பைத் தருவதுடன், அழுக்கு இழைக்குள் இறங்காமல் மேற்பரப்பிலேயே தங்கச் செய்கிறது. அடுத்த சலவையில் கஞ்சியோடு அழுக்கும் நீங்கும். ஆனால் நெடுநாள் பெட்டியில் வைக்கும் துணிக்குக் கஞ்சி கூடாது. மாவுப்பொருளை நாடிக் கரப்பானும் அந்துப்பூச்சி வகைகளும் வரும். மடிப்பில் துணி முறியும். ‘வண்ணான் குறி’ சேங்கொட்டைச் சாற்றால் இடப்படும் அழியாத அடையாளம். காரநீரில் பலமுறை வெந்தாலும் அது மங்குவதில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர் எனக் கருதப்பட்ட ஒரு சமூகம், நூற்றுக்கணக்கான வீட்டாரின் துணிகளைப் பிரித்தறியத் தானே அமைத்துக்கொண்ட குறியீட்டு முறை அது. குறியீட்டியலாரின் கவனத்திற்கு உரியது.

5. மைசூர்ப் பட்டும் அதன் பேணுமுறையும்

மைசூர் அரசில் பட்டுப்புழு வளர்ப்பை ஊக்குவித்தவர் திப்பு சுல்தான் (ஆட்சி 1782 – 1799). அவர் வங்காளத்திலிருந்து பட்டுப்புழுக்களைத் தருவித்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நோயால் நலிந்த இத்தொழிலுக்கு, ஜாம்ஷெட்ஜி டாடா பெங்களூரில் சப்பானிய வல்லுநர் துணையுடன் அமைத்த பட்டுப்பண்ணை புத்துயிர் அளித்தது. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1912ஆம் ஆண்டு, சுவிட்சர்லாந்திலிருந்து தருவித்த விசைத்தறிகளுடன் மைசூரில் அரசுப் பட்டு நெசவாலை தொடங்கப்பட்டது. அது 1980ஆம் ஆண்டில் கர்நாடகப் பட்டுத் தொழில் கழகத்தின் பொறுப்பில் வந்தது. ‘மைசூர் சில்க்’ என்னும் பெயர் 2005ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது.

தமிழர் வழக்கில் ‘பட்டுப்புடவை’ என்பது பெரும்பாலும் காஞ்சிபுரத்தின் கனத்த சேலையையே குறிக்கும். மைசூரின் மெல்லிய சேலைக்கு ‘மைசூர் சில்க்’ என்ற கடன்பெயரே நிலைத்துவிட்டது. காஞ்சிபுரத் தறிகளுக்கு வேண்டிய கச்சாப் பட்டில் பெரும்பகுதி கர்நாடகத்திலிருந்தே வந்துள்ளது. ஒரே பட்டுநூலிலிருந்து பிறக்கும் இரு சேலைகளுக்கும் இருவேறு பெயர் அமைந்தது தற்செயலன்று. அவற்றின் ஆக்கமுறையும் வேறு, பேணுமுறையும் வேறு.

பட்டுப்புழு உமிழும் இழை இரு பகுதிகளால் ஆனது. உள்ளே இருப்பது ஃபைப்ராயின் என்னும் புரதம். அதனைச் சூழ்ந்திருப்பது செரிசின் என்னும் பசை. கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இப்பசையே. காஞ்சிபுரத்தில் நெய்வதற்கு முன்பே நூலை வேகவைத்துப் பசை நீக்கிச் சாயம் ஏற்றுவர். மைசூரின் கிரேப் வகைத் துணியிலோ மிகுதியாக முறுக்கிய நூலைப் பசையுடனே நெய்து, பின்னர் துணியாகவே வேகவைப்பர். பசை நீங்கியதும் முறுக்கு விசை விடுபட்டு, துணியின் மேற்பரப்பில் நுண்ணிய சுருக்கம் தோன்றும். அச்சேலையின் மென்மையும் தழைவும் இதனால் அமைவன. இதே காரணத்தால் அத்துணி நீரில் நனையும்போது மீண்டும் சுருங்க முற்படும். முறுக்கிப் பிழிந்தால் வடிவம் கெடும்.

இத்தகைய சேலையைப் பேணும் முறைகள் இவ்விழையியல்பிலிருந்தே பிறக்கின்றன. முதற்சில முறைகள் தொழில்முறைச் சலவையாளரிடம் தருவது நலம். வீட்டில் அலச நேரின் குளிர்ந்த நீரும், பூந்திக்கொட்டைச் சாறு போன்ற காரமற்ற பொருளும் ஏற்றவை. குளோரின் வெளுப்பான் புரத இழையைக் கரைத்துவிடும். அதனை அறவே விலக்க வேண்டும். வெயிலில் உலர்த்தினால் பட்டு மஞ்சளித்து நலிவடையும். நிழலில் காய வைத்தல் வேண்டும். வியர்வை பட்ட சேலையை உடனே மடித்து வைக்காமல் காற்றாட விட வேண்டும். சரிகையிலுள்ள வெள்ளி, காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் கறுக்கும். ஆகவே நறுமணத் திரவங்களைச் சரிகைமீது தெளித்தலும் அந்துருண்டையை அதன்மேல் படும்படி வைத்தலும் தவிர்க்கத்தக்கன. பழைய பருத்தித் துணியில் சுற்றி வைத்து, சில திங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்ற வேண்டும். மடிப்பு ஒரே கோட்டில் நிலைத்தால் இழை அங்கே முறியும்.

பட்டை அடிக்கடி நனைக்காமைக்கு ஆசாரமும் துணைநின்றது. கன்னடத்தில் ‘மடி’ என்பது வெளுத்த தூய ஆடையையும் சடங்குத் தூய்மையையும் ஒருங்கே குறிக்கும். வண்ணாரைச் சுட்டும் ‘மடிவாள’ என்னும் பெயரும் அதனோடு இயைந்தது. தமிழ்ப் பிராமணர் வழக்கிலும் மடி இப்பொருளில் வழங்குகிறது. பருத்தி ஆடை நாள்தோறும் நனைத்து உலர்த்தினாலன்றி மடியாகாது. பட்டுக்கோ அக்கட்டாயம் இல்லை என்பது பரவலான வழக்கம். சமய விதியாகக் கூறப்பட்ட இவ்விலக்கு, நடைமுறையில் பட்டின் ஆயுளை நீட்டும் விதியாகவும் அமைந்தது.

6. குறிப்பு தவறியதன் விளைவு

பராமரிப்புக் குறிப்பு வாங்குவோரைச் சென்றடையாமற்போனால் என்ன நேரும் என்பதற்குச் சென்னைத் துணியே சான்று. இயற்கைச் சாயம் ஏற்றிய கட்டம் போட்ட கைத்தறிப் பருத்தித் துணி ‘மெட்ராஸ்’ என்ற பெயரால் மேலைநாடுகளில் அறியப்பட்டது. 1958ஆம் ஆண்டில் கேரளத்தைச் சேர்ந்த ஏற்றுமதியாளர் சி. பி. கிருஷ்ணன் நாயர் அமெரிக்க இறக்குமதியாளர் ஒருவருக்கு இத்துணியை விற்றார். குளிர்ந்த நீரில் மென்மையாக அலச வேண்டும் என்ற எச்சரிக்கை இறக்குமதியாளருக்குத் தரப்பட்டதாகவும், சட்டைகளை விற்ற கடை அதனை வாடிக்கையாளர்க்குத் தெரிவிக்கத் தவறியதாகவும் கூறப்படுகிறது. இயந்திரத்தில் துவைத்த சட்டைகளின் சாயம் ஓடிப் பிற துணிகளையும் கெடுத்தது. வழக்கு மூளும் நிலையில், சாயம் கசிவதே இத்துணியின் தனிச்சிறப்பு என விளம்பரம் செய்யப்பட்டு, குறை புகழாக மாற்றப்பட்டது. ‘கசியும் மெட்ராஸ்’ என்ற தொடர் ஆங்கில ஆடைத்துறைச் சொல்லாகவே நிலைபெற்றது.

அக்காலத்தில் துணியுடன் குறிப்பு இணைக்கும் கட்டாயம் எங்கும் இருக்கவில்லை. ஐரோப்பாவில் சொற்களின்றிப் படங்களால் பராமரிப்பு முறையைத் தெரிவிக்கும் குறியீடுகளை வகுக்க 1963ஆம் ஆண்டு பாரிசில் ஒரு பன்னாட்டுச் சங்கம் அமைந்தது. நீர்த்தொட்டி, முக்கோணம், சதுரம், இஸ்திரிப்பெட்டி, வட்டம் என்னும் ஐந்தும் முறையே துவைத்தல், வெளுத்தல், உலர்த்தல், தேய்த்தல், தொழில்முறைச் சலவை ஆகியவற்றைக் குறிப்பன. அமெரிக்காவில் பராமரிப்புக் குறிப்பு விதி 1971ஆம் ஆண்டு வகுக்கப்பட்டு அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. படக்குறியீடுகள் 1991ஆம் ஆண்டு பன்னாட்டுத் தர அமைப்பின் தரமாக ஏற்கப்பட்டன.

படங்கள் மொழிபெயர்ப்பின் தேவையை நீக்கிவிட்டன எனக் கருதுவது பொருந்தாது. குறியீட்டை அறியாதார்க்குச் சொல்லே வழிகாட்டி. கடைக்காரரும் சலவைத் தொழிலாளரும் வீட்டாரும் பேசிக்கொள்வதும் சொல்லால்தான். இங்கு ‘உலர் சலவை’ என்னும் தொடர் சிந்திக்கத்தக்கது. இம்முறையில் துணி உலர்ந்த நிலையில் தூய்மை பெறுவதில்லை. நீருக்குப் பதிலாகக் கரிமக் கரைப்பான்களில் நனைக்கப்படுகிறது. மூலமொழியின் தவறான பெயரைத் தமிழ் அப்படியே ஏற்றதால், நீரின்றித் தட்டித் துடைப்பதே உலர் சலவை என எண்ணுவோர் உள்ளனர். ‘நீரில்லாச் சலவை’ என்பது பொருளை இதனினும் தெளிவாகத் தரும். அவ்வாறே பட்டுக்கு ‘அலசுக, கசக்கற்க’ என்றும், கம்பளிக்கு ‘முறுக்காமல் நீரை ஒற்றி எடுக்க’ என்றும், பருத்திக்குத் ‘துவைக்கலாம்’ என்றும் எழுதினால், தனி விளக்கம் இன்றியே செயல் புலப்படும். நனைந்தபோது வலிமையில் ஏறக்குறையப் பாதியை இழக்கும் ரேயானுக்குத் துவைத்தல் என்ற சொல்லே ஆகாது. டெரிலின் போன்ற செயற்கை இழைகள் அடியைத் தாங்கும். மிகுந்த வெப்பத்தில் உருகும். அங்கு எச்சரிக்கை வேண்டியது தேய்த்தலுக்கே.

7. சொல்லுக்குரியவர்கள்

இச்சொற்களைப் போற்றுவதில் ஒரு தடையும் உண்டு. அகராதிகளில் வண்ணார்க்குரிய பெயர்கள் பல: ஈரங்கொல்லி, ஏகாலி முதலியன. கன்னடத்தில் அகஸ, மடிவாள என்பன. தர்ஸ்டன் 1909ஆம் ஆண்டு வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுதிகள் இச்சமூகத்தாரின் சடங்குக் கடமைகளை விரிவாகப் பேசுகின்றன. இன்னாரென்று அவர்களை வகைப்படுத்துவதில் ஏடுகள் காட்டிய ஆர்வம், அவர்கள் அறிந்தது என்ன என்பதைப் பதிவு செய்வதில் காணப்படவில்லை.

இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) புதிரை வண்ணார் குடும்பம் ஒன்றின் வாழ்வைச் சித்திரிக்கும் நாவல். லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்தபோது, தலைப்பைச் சுமை சுமக்கும் விலங்குகள் என்று பொருள்படுமாறு அமைத்தார். கோவேறு கழுதை என்ற கலப்பின விலங்கின் தனிப்பொருள் அதில் பின்னடைந்தாலும், சுமை என்னும் மையக்கருத்து முன்னிற்கிறது. மொழிபெயர்ப்பாளர் செய்த இத்தெரிவு, இத்தொழிலின் சொற்களில் துணியின் எடை மட்டுமன்றிச் சமூகத்தின் எடையும் ஏறியுள்ளது என்பதைக் காட்டுகிறது.

துவைக்கும் இயந்திரமும் சோப்புத்தூளும் பரவியபின் வெள்ளாவியும் வண்ணான் குறியும் வழக்கொழிந்து வருகின்றன. பரம்பரைக் கட்டாயத்திலிருந்து மக்கள் விடுபடுவது வரவேற்கத்தக்கது. அவ்விடுதலையோடு அவர்கள் ஈட்டிய நுட்ப அறிவும் அழிய வேண்டும் என்பதில்லை. இழிவைக் கைவிட்டு அறிவை ஏற்பதற்கு, அவ்வறிவைத் தாங்கிய சொற்களை அத்தொழில் செய்தோரின் வாய்மொழியிலிருந்தே கள ஆய்வின் வழித் தொகுத்தல் வேண்டும்.

8. முடிவுரை

இரு மொழிச் சமய மரபுகளிலும் வெளுப்புத் தொழில் செய்த அடியார் இடம்பெற்றுள்ளனர். கன்னடத்தில் பன்னிரண்டாம் நூற்றாண்டின் மடிவாள மாச்சய்யா. தமிழில் அதே நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய காஞ்சித் திருக்குறிப்புத் தொண்டர். பின்னவர் வரலாற்றில் முதியவர் ஒருவரின் கந்தையை வெளுத்து மாலைக்குள் உலர்த்தித் தருவதாக அவர் வாக்களிக்கிறார். மழை விடாது பெய்கிறது. வெளுத்தது நிறைவேறியும் உலர்த்துதல் நிறைவேறாமையால் அவர் துணி துவைக்கும் பாறையில் தலையை மோதிக்கொள்ள முற்படுகிறார். ஆடை பேணுதலின் ஒரு படி தவறினாலும் வாக்கு தவறியதாகக் கொண்டவர் அவர். அடியாரின் உள்ளக்குறிப்பை அறிந்து தொண்டு செய்தமையால் அவருக்கு அப்பெயர் அமைந்தது.

ஆடையோடு வரும் சிறு துண்டுச் சீட்டுக்கும் இன்று நாம் வழங்கும் பெயர் குறிப்பு என்பதே. அதனைத் தமிழாக்குவோர் மூலத்தின் சொல்லை மட்டுமன்றி இழையின் இயல்பையும் அறிந்து, அதற்குரிய வினையைத் தமிழிலிருந்தே தெரிந்தெடுத்தல் வேண்டும். துவைத்தல், கும்முதல், கசக்குதல், அலசுதல், நனைத்தல், தோய்த்தல் என்னும் சொற்கள் இன்னும் வழக்கில் உள்ளன. அவற்றின் பொருள் எல்லைகளை வரையறுத்து, கன்னடம் முதலிய அண்டை மொழிச் சொற்களோடு ஒப்பிட்டு, துணிவகை வாரியாக ஒரு கலைச்சொல் தொகுதி அமைப்பது உடனடித் தேவையாகும். அதனால் துணியும் நிலைக்கும், சொல்லும் நிலைக்கும்.